திரை நிறையாத கார் ரேஸ்

அண்ணியை எனக்குப் பிடிக்காது என்று அந்தக் காலத்தில் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். பிடிக்காது என்பதுகூட மரியாதையான வார்த்தை. அவளைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். எழுதும்போதுதான் அவள், இவள் எல்லாம். நேரில் வாங்க அண்ணி, போங்க அண்ணிதான். என்னைவிட ஆறு மாதம் சின்னவள். அண்ணனைக் கட்டிக்கொண்டதால் உறவில் பெரியவள் ஆகிவிட்டாள். அவள் என்னை நீ என்பாள், நான் அவளை நீங்க என்பேன். அந்த ஏற்பாடே எனக்கு முதல் நாளிலிருந்து ஒத்துவரவில்லை.

இத்தனைக்கும் கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சைப் போட்டவள் நான்தான். நாத்தனார் முடிச்சு. நன்றாக இறுக்கித்தான் போட்டேன். அன்றைக்கு என் மனதில் ஒன்றும் இல்லை. அவள் எம்.சி.ஏ. படித்தவள் என்று தெரியும். படித்தவள் வீட்டுக்கு வருகிறாள் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார், நானும் சரி என்று இருந்தேன். அந்தப் படிப்பு நேராக என் கடைக்குள் வந்து உட்காரும் என்று அப்போது தோன்றவில்லை.

கடை என்றால் பிரௌசிங் சென்டர். செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எங்கள் வீடு. வீட்டின் முன்பக்க அறையைத் தெருவைப் பார்த்துத் திறந்துவிட்டு, ஆறு கம்ப்யூட்டர் போட்டு, நடுவில் பிளைவுட் தடுப்பு அடித்திருந்தோம். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். அப்பா ஓய்வு பெற்ற வாத்தியார். அண்ணன் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் கிளார்க். ப்ளஸ் டூவுக்கு மேல் ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்ததோடு என் படிப்பு நின்றுவிட்டது. அதனால் கடை என்னுடையது. யாரும் அப்படி எழுதிக் கொடுக்கவில்லைதான். காலையில் ஷட்டரைத் தூக்குவது நான், கவுண்டரில் உட்கார்வது நான், பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் எடுப்பது நான். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, என்னைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுத்தான் உட்காருவார்கள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

எங்களிடம் இருந்தது விண்டோஸ் இல்லை, காசு கொடுக்காமல் போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸ். அதற்குக் காரணம் அண்ணனின் பயம். திருட்டு விண்டோஸ் வைத்திருக்கும் கடைகளில் ரெய்டு நடக்கிறது என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. "கவுர்மென்ட் வேலைல இருக்கேன், எனக்கு இதெல்லாம் வேணாம்பா" என்று அண்ணன் குதித்தான். அந்தச் சமயத்தில் எங்களிடம் மெயில் பார்க்க வந்துகொண்டிருந்த ஒரு ஜெர்மன்காரர், டீ மட்டும் வாங்கிக் குடித்துக்கொண்டு, இரண்டு நாளில் ஆறு மிஷினிலும் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி என் கையில் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அந்தச் சீட்டு என் மேஜை டிராயரில் இருந்தது. அண்ணனிடம்கூடக் காட்டியதில்லை.

மெயிலுக்கும் வெப்சைட்டுக்கும் ஒரு குறையும் இல்லை. கேம்ஸ்தான் தகராறு. சாயங்காலம் ஆனால் பாலிடெக்னிக் பசங்கள் நாலைந்து பேர் கார் ரேஸ் ஆட வருவார்கள். கார் ரேஸைத் திறந்தால் அது திரை முழுக்க வராது. நடுவில் ஒரு போஸ்ட் கார்டு அளவுக்கு வந்து நிற்கும், சுற்றிலும் கறுப்பு. அந்தச் சின்னக் கட்டத்துக்குள் கார் எறும்பு மாதிரி ஓடும். "ஸ்க்ரீன் இவ்ளோ கம்மியா கீதே, எப்டிக்கா ஆடறது" என்று கேட்பார்கள். பக்கத்துத் தெருவில் இன்னொரு சென்டர் இருந்தது. அங்கே விண்டோஸ். கார் திரை முழுக்க ஓடும். சொல்லாமல் கொள்ளாமல் ஒவ்வொருத்தனாக அங்கே போக ஆரம்பித்தான்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. அப்போதெல்லாம் மானிட்டர் டிவிப் பெட்டி மாதிரி பின்னால் நீண்டு இருக்கும். முன்பக்கம் கீழே சின்னச் சின்ன பட்டன்கள் இருக்கும். ஒன்று படத்தை அகலமாக்கும், ஒன்று உயரமாக்கும். இரண்டு விரலால் அதை அழுத்தி அழுத்தி, கறுப்பை ஓரத்துக்குத் தள்ளி, படத்தை எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்துவிடுவேன். முக்கால்வாசியாவது தேறும். ஆடி முடித்ததும் மறுபடி எல்லாவற்றையும் சுருக்க வேண்டும். மறந்துவிட்டால் அடுத்து உட்காரும் ஆளுக்கு மெயிலின் இரண்டு ஓரமும் கண்ணாடிக்கு வெளியே போயிருக்கும். ஒரு நாளைக்கு இருபது தடவை இழுப்பேன், இருபது தடவை சுருக்குவேன். விரல் நுனி தேய்ந்தது. ஆனால் பசங்கள் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். அப்பா யாரிடமாவது பேசும்போது, "என் பொண்ணு எப்டியோ சமாளிச்சுட்டா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அண்ணி வந்தாள். கல்யாணம் ஆகிப் பத்து நாள்கூட இருக்காது. ஒரு மத்தியானம் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்து கவுண்டருக்குள் என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். நான் மானிட்டரை இழுத்துக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இத ஏம்மா கையால இழுக்குற?"

"கேம் சின்னதா வருது அண்ணி. லினக்ஸ்ல அப்டித்தான் வரும்."

"அப்டிலாம் இல்ல. அந்த சின்ன சைஸ் இதுக்குத் தெரியாது, அவ்ளோதான். ஃபைல்ல எழுதிக் குடுத்தா தானா பெருசாவும். பாஸ்வேர்டு தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சீட்டு தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நான் ஒரு மடச்சி, டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

அவள் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து ஏதோ ஒரு ஃபைலுக்குள் போனாள். ஜெர்மன்காரர் ஒரே ஒரு சைஸை மட்டும் எழுதி வைத்திருந்தார். அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சைஸைச் சேர்த்து எழுதினாள். அதே வரியை மூன்று இடத்தில் எழுத வேண்டும் போல. மூன்று இடம், ஆறு மிஷின். ஒவ்வொன்றாக உட்கார்ந்து பதினெட்டுத் தடவை அடித்தாள். நான் பில் புத்தகத்தைப் புரட்டுகிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு பதினெட்டுத் தடவையும் பார்த்தேன். கார் ரேஸைத் திறந்தால் திரையில் ஒரு விரல்கடை கறுப்பு இல்லை. கார் பெரிதாக, சக்கரம் சுற்றுவது தெரிகிற மாதிரி ஓடியது. ஆட்டத்தை மூடினால் எல்லாம் தானாகப் பழைய அளவுக்கு வந்து நின்றது. நான் நாலு மாதம் விரல் தேயச் செய்ததை அவள் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டாள். முடித்துவிட்டு, "அவ்ளோதாம்மா" என்று சிரித்தாள். அந்த அவ்ளோதான் இருக்கிறதே, அது என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

சாயங்காலம் பசங்கள் வந்தார்கள். பார்த்தார்கள். அவ்வளவுதான், அன்றிலிருந்து அவள் பெரியக்கா. நான் சின்னக்கா. வயதில் மூத்தவள் நான், கடைக்காரி நான், நான் சின்னக்காவாம். மெயில் அனுப்ப வரும் நரைத்த முடி வெள்ளைக்காரம்மாகூட அவளைப் பார்த்துத்தான் முதலில் கைகூப்பினாள். பக்கத்துத் தெரு சென்டருக்குப் போனவன்கள் எல்லாம் திரும்பி வந்தான்கள். கடை நிறைந்தது. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அவள் தினமும் மத்தியானம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து அவள் அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கை ஒரு டப்பாவில் கொண்டுவந்து என் பக்கம் தள்ளுவாள். நான், "வயிறு சரியில்ல அண்ணி" என்பேன். நீ எந்த ஸ்கூல், உனக்கு எந்தக் கலர் பிடிக்கும் என்று ஏதாவது கேட்பாள். ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் பிரிண்டரைத் துடைப்பேன். வேவு பார்க்க வருகிறாள், ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு என்னை எழுப்பிவிடப் போகிறாள் என்று எனக்குத் தீர்மானமாகத் தோன்றியது.

தோன்றியது சரிதான் என்கிற மாதிரி ஒரு நாள் சாப்பிடும்போது அப்பா பேச்சை எடுத்தார். "ஆடி முடிஞ்சு அவ வந்துட்டான்னா கடைய அவ பாத்துக்கட்டும். உனக்கும் மாப்பிள்ள பாக்கணும். எத்தினி நாளைக்கு தெருவ பாத்து உக்காந்துனு இருப்ப?"

நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அம்மா இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள். அண்ணி எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் மாமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. புது மருமகள் மாமனார் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேச மாட்டாள் என்பது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. கமுக்கமாக இருந்து கடையை வாங்கிக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன்.

ஆடி பிறப்பதற்கு முந்தைய நாள் அவள் வீட்டிலிருந்து சீர்த் தட்டோடு வந்து அவளை அழைத்துக்கொண்டு போனார்கள். எங்கள் பக்கத்தில் புதுப்பெண் ஆடி மாதம் தாய் வீட்டில்தான் இருப்பாள். எனக்கு ஒரு மாதம் கிடைத்தது. அந்த ஒரு மாதத்துக்குள் அவள் இல்லாமலே கடை நடக்கும், அவள் செய்தது சரியில்லை, நான்தான் சரி என்று அப்பாவுக்குக் காட்டிவிட வேண்டும். இல்லையென்றால் ஆவணி பிறந்ததும் நான் வீட்டுக்குள் போய் யாராவது வந்து பார்த்துவிட்டுப் போவதற்காகப் புடவை கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஆடி இரண்டாம் நாள் காலையில் ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு, ஆறு மிஷினிலும் அந்த ஃபைலைத் திறந்தேன். அவள் சேர்த்ததை ஒவ்வொன்றாக அழித்தேன். பதினெட்டு இடம். கை நடுங்கியது என்று எழுதினால் அது பொய். சந்தோஷமாகத்தான் அழித்தேன்.

சாயங்காலம் பசங்கள் வந்து கார் ரேஸைத் திறந்தார்கள். நடுவில் போஸ்ட் கார்டு.

"இன்னாக்கா, பழையபடி ஆயிடுச்சு?"

"பெரியக்கா செஞ்சது தாங்கல. புட்டுக்கிச்சு. இருங்க, நான் பண்றேன்" என்று போய் இரண்டு விரலால் இழுத்துவிட்டேன். முக்கால்வாசி வந்தது. முன்னால் இதற்கே தேங்க்ஸ்க்கா என்று சொன்ன வாய்கள்தான். முழுசாகப் பார்த்த கண்ணுக்கு முக்கால் பிடிக்குமா? உயரமாக இருந்தவன் ஒருத்தன், "பெரியக்கா எப்போ வருவாங்க?" என்று கேட்டான். ஆவணியில் என்றேன். மறுநாள் ஒருத்தனும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பக்கத்துத் தெருவில் அவன்களின் சைக்கிள்கள் வரிசையாக நின்றன.

மூன்றாம் நாள் அப்பா கடைக்குள் வந்து காலி நாற்காலிகளைப் பார்த்தார். "இன்னாம்மா ஆச்சு?"

"அண்ணி ஃபைல்ல கைய வெச்சாங்க இல்ல, அதுல ஏதோ கெட்டுப்போச்சுப்பா."

அப்பா வாத்தியார். அவரிடம் அரைகுறையாகச் சொன்னால் விடமாட்டார். கவுண்டரில் இருந்த போனை எடுத்துக் கீழ்பென்னாத்தூருக்கு அடித்தார். விஷயத்தைச் சொல்லிவிட்டு, "இந்தா, மருமக கேக்குது" என்று ரிசீவரை என்னிடம் நீட்டினார். நீட்டிவிட்டுப் போகவும் இல்லை. கைகட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

"நல்லா இருக்கியாம்மா?" என்றாள் அண்ணி. "கவுண்டர் மிஷின்ல அந்த ஃபைல தொற. தொறந்துட்டியா? கீழ வா. மோட்ஸ்னு ஒரு வரி இருக்கும். அதுல இன்னா இருக்குதுன்னு அப்டியே படி."

திறந்தேன். அந்த வரியில் ஒரே ஒரு சைஸ்தான் இருந்தது. இருக்கிறதை இருக்கிறபடி படித்தால், அவள் எழுதியது எங்கே போச்சு என்று கேட்பாள். அப்பா பக்கத்தில் நிற்கிறார். அண்ணியை விட்டால் பாஸ்வேர்டு என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். வேறு வழி தெரியாமல், திரையில் இல்லாததை இருக்கிற மாதிரி படித்தேன். "மோட்ஸ், டென் ட்வென்டி ஃபோர் பை செவன் சிக்ஸ்டி எய்ட், எய்ட் ஹண்ட்ரட் பை சிக்ஸ் ஹண்ட்ரட், சிக்ஸ் ஃபார்ட்டி பை ஃபோர் எய்ட்டி."

"அடுத்த இடம்?"

அதையும் சொன்னேன். மூன்றாவதையும் சொன்னேன். ஒரு இடத்திலும் தட்டவில்லை.

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு அண்ணி மெதுவாகப் பேசினாள். "பாத்து படிக்கிறவங்க இவ்ளோ வேகமா படிக்க மாட்டாங்கம்மா. மனப்பாடமா தெரிஞ்சா மட்டுந்தான் இப்டி வரும்."

ரிசீவரை அப்பா நிற்காத பக்கத்துக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நீ இப்போ சொன்னியே, அதயே மூணு எடத்துலயும் டைப் பண்ணிடு. சரியாயிடும். மாமா கிட்ட குடு."

ரிசீவரை அப்பாவிடம் கொடுத்தேன். தொலைந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா, "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டார். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அவதான் ஏதோ ஒண்ண தப்பா எழுதிட்டாளாம். உனக்கே நல்லா தெரியுமாம், நீயே சரி பண்ணிடுவியாம். அவ சொல்றா, கடைய பாத்துக்க உன்ன விட்டா வேற ஆள் இல்லன்னு. கல்யாணம் ஆவுற வரைக்கும் நீயே பாத்துக்க, போ."

டைப் அடித்தேன். பதினெட்டு இடமும். தட்டுத் தடங்கல் இல்லாமல் வந்தது. சனிக்கிழமைக்குள் சேதி பரவி, பசங்கள் சைக்கிளோடு திரும்பி வந்தார்கள். சின்னக்காவே சரி பண்ணிட்டாங்க என்று ஒருத்தன் இன்னொருத்தனிடம் சொன்னான். கார் திரை முழுக்க ஓடியது. எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. நான் பிடுங்க நினைத்ததை அவள் தானமாகக் கொடுத்துவிட்டாள். கொடுத்தவள்மேல் எப்படி வயிறு எரிவது என்று தெரியாமல் அதற்கும் சேர்த்து எரிந்தேன்.

ஆவணி பிறந்து அவள் வந்தாள். அண்ணனிடம் சொல்லிக் கொடுப்பாள் என்று இரண்டு நாள் பயந்துகொண்டே இருந்தேன். சொல்லவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரத்தில், ஒரு காகிதத்தைப் பிரிண்ட் எடுக்க வந்தாள். அன்றைக்கு ஸ்டூலை இழுக்கவில்லை, நின்றுகொண்டே இருந்தாள். எனக்கு அடக்க முடியவில்லை.

"ஏன் அண்ணி அப்பா கிட்ட சொல்லல?"

"சொல்லி இன்னா ஆவப்போவுது? காலேஜ்ல லெக்சரர் வேல கெடச்சிருக்குது. அடுத்த வாரம் சேரணும். இந்தக் கடைய பாத்துக்கணும்னு நான் ஒரு நாள்கூட நெனைக்கலம்மா."

"நெனைக்கலன்னா தெனமும் ஏன் வந்து உக்காந்தீங்க?"

அவள் பிரிண்டரிலிருந்து காகிதம் வெளியே வரும்வரை காத்திருந்தாள். அதை எடுத்து மடித்தாள்.

"உங்க அண்ணன் காலைல போனா சாயங்காலந்தான் வர்றாரு. அத்தைகிட்ட பேச எனக்கு பயம். இந்த வீட்டுல என் வயசுல நீ ஒருத்திதான் இருந்த. உன் பக்கத்துல உக்காரலாம்னு வந்தேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பின்னாலேயே போயிருக்க வேண்டும். ஒன்றும் செய்யவில்லை, ஆள் வந்துவிட்டார்கள் என்று மிஷினை ஆன் பண்ணிக் கொடுத்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து அவள் காலையில் டிபன் டப்பாவோடு கிளம்பிவிடுவாள். எங்கள் கவுண்டரில் உட்கார்ந்தால் எதிரில் பஸ் ஸ்டாப் தெரியும். பஸ் வந்து நிற்கும்போது, ஜன்னல் ஓரத்தில் இருக்கும் ஒருத்தி, பக்கத்து இருக்கையில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அண்ணிக்கு இடம் விடுவாள். அண்ணி உட்கார்ந்ததும் இரண்டு பேரும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பஸ் கிளம்பும்போது அண்ணி பையிலிருந்து அந்த முறுக்கு டப்பாவை எடுத்துத் திறந்து அவள் பக்கம் நீட்டுவாள். அவளும் எடுத்துக்கொள்வாள். யார் அந்தப் பெண், எந்த ஊர் என்று ஒன்றும் எனக்குத் தெரியாது. அவளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.